மான் பார்க்க ஒரு தூரக்கண்ணாடி

மார்ச் 4, செவ்வாய்

வெயில் இப்போதே இப்படி. கல்லூரியிலிருந்து கோ.பட்டி பேருந்து நிலையம் வரை நடை. தலைவலி.

செய்ய வேண்டியவை:
– இயற்பியல் செய்முறைத் தேர்வு மதிப்பெண் பட்டியல். முதல்வர் கையெழுத்து.
– அம்மாவுக்கு நல்லெண்ணெய்.
– அப்பாவின் கண் சொட்டு மருந்து. (வாங்கினாலும் போடமாட்டார். இருந்தாலும்.)
– பைனாகுலர்.

நான்காவதுதான் முதலில். மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமும் விற்கும் பாய் கடை. என் கண்ணாடியும் அப்பாவின் கண்ணாடியும் அங்கே வாங்கியதுதான். பாய் கடிகாரம் ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தார்.

"பைனாகுலரா? என்னத்துக்கு டீச்சர்?"

"மான் வேட்டைக்கு."

திருப்புளியைக் கீழே வைத்தார். ரோட்டைப் பார்த்தார்.

"மெல்லச் சொல்லுங்கம்மா. எதிர்க்க டீக்கடையில பாரஸ்ட் ஜீப்பு நிக்குது."

விளக்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊர் பங்குனிப் பொங்கல். இந்த மாதக் கடைசிப் புதன்கிழமை விடிகாலை வேட்டை. தாத்தா காலம் வரை துப்பாக்கி, நாய், எல்லாம். பிறகு சட்டம் வந்தது. ஊர் சட்டத்தையும் மீறவில்லை, வேட்டையையும் விடவில்லை. கொல்வதை மட்டும் எடுத்துவிட்டார்கள். பார்ப்பது மிச்சம். எங்கள் வீட்டு மூத்த ஆண் பாறை மேல் ஏறி, மலையடிவாரத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு வரும் மானைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் "கண்டாச்சு" என்று சத்தம். முனையில்லாத மர வேல் ஒன்றைத் தரையில் போடுவார்கள். அவ்வளவுதான் வேட்டை. அதற்குப் பிறகுதான் பொங்கல் அடுப்பு பற்ற வைப்பது. சூரியன் பனைத் தலைக்கு மேல் வந்தும் பார்க்கவில்லையென்றால் உரிமை அடுத்தவருக்கு. அடுத்தவர் சித்தப்பா.

"பாக்கிறதுதான் வேட்டையா?"

"ஆமா."

"அப்போ கேஸ் இல்ல." திருப்புளியை மறுபடி எடுத்துக்கொண்டார். "கண்ணாடி வச்சுப் பாத்தா ஊர்ல ஒத்துக்கிடுவாகளா?"

"மூக்குக்கண்ணாடிய ஒத்துக்கிட்டாங்கல்ல, இதுவும் கண்ணாடிதானன்னு அப்பா கோயில் கூட்டத்தில கேட்டாராம். யாருக்கும் பதில் தெரியல."

பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பிறகு ஞாபகம் வந்தது.

மார்ச் 6, வியாழன்

மூன்று வகுப்பு. ஒளியியல் நடத்தினேன். கடைசி வரிசையில் இரண்டு பேர் தூக்கம். பொறாமை.

பாய் கடையில் இருப்பது ஒன்றே ஒன்று: 20×50. பெட்டியில் சிங்கம் படம். முன்கண்ணாடி சிவப்பாக மினுங்குகிறது. "மூணு கிலோமீட்டர் தெரியும்னு போட்டிருக்கான் டீச்சர். அவன் போட்டிருக்கான், நான் சொல்லல." சனி, ஞாயிறு வைத்துப் பார்க்கக் கொடுத்தார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குறிப்பு. (விடுதி மின்விசிறி ஒரே சத்தம்.)

முதல் எண்: எத்தனை மடங்கு பக்கத்தில் தெரியும். இரண்டாவது: முன்கண்ணாடியின் குறுக்களவு, மி.மீ. இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம்.
20×50: இரண்டரை. விடிகாலையில் இருட்டுத்தான்.
7×50: ஏழுக்கு மேல். இளைஞர் கண்ணுக்குச் சரி. அப்பாவுக்கு அறுபத்து மூன்று. அந்த வயதில் கண்ணின் பாவை இருட்டில் விரிந்தாலும் ஐந்தைத் தாண்டாது. மீதி வெளிச்சம் வீண்.
8×42: ஐந்தேகால். பொருந்துகிறது.

இன்னொன்று: மூக்குக்கண்ணாடியோடு பார்க்க வேண்டும். கண் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் முழு வட்டமும் தெரிகிற மாதிரி வேண்டும். இது பெட்டி மேல் போட்டிருக்காது. கேட்க வேண்டும்.

தேவை: வெளிச்சம், அகலம், எடை குறைவு. மடங்கு கடைசி. ஊரில் எல்லோரும் மடங்கைத்தான் கேட்பார்கள்.

மார்ச் 8, சனி

ஊர். பேருந்தில் நின்றுகொண்டே. கரிசல் வெடித்துக் கிடக்கிறது, மக்காச்சோளம் அறுத்த தாள் மட்டும். அந்தச் சோளத்தில் கால்வாசியைத் தின்றது இதே மான்கள்தான். வருடம் முழுக்க விரட்டுகிறோம். ஒரு நாள் மட்டும் வர வேண்டும் என்று காத்திருக்கிறோம்.

சொட்டு மருந்தைக் கொடுத்தேன். போன மாதம் வாங்கியது பிரிக்காமல் மாடத்தில் இருக்கிறது.

அம்மா: "ஏட்டி, அத முருங்கைக்கு ஊத்துனாலும் ரெண்டு காய் கூடக் காய்க்கும். இவியளுக்கு வேண்டாமாம். எரியுதாம்."

அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம். போன வருடம் கோ.பட்டி டாக்டர் சொன்னது: ஓரப் பார்வை போய்விட்டது, போனது வராது, இருப்பதைக் காப்பாற்ற மதுரைக்குப் போங்கள். அப்பா தலையாட்டினார். வெளியே வந்து டீ குடித்தார். ஊருக்குப் பேருந்து ஏறினார். அதற்குப் பிறகு மதுரை என்ற சொல்லையே வீட்டில் பேச முடியவில்லை.

இன்று பேசினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். போன வருடம் பாறையில் எவ்வளவு நேரம் நின்றார் என்று கேட்டேன். வாளியைக் கீழே வைத்தார்.

"உங்க சித்தப்பன் பின்னால நின்னு இருமிக்கிட்டே இருந்தான். அதுல கவனம் போச்சு."

"அப்பா. மதுரைக்கு ஒரு நாள்தான். காலைல போய் சாயந்தரம் வந்திரலாம்."

"எனக்கு என்ன தெரியலங்குத? உன் நெத்தியில பொட்டு இல்ல. தெரியுதுல்லா?"

பொட்டு இல்லாதது உண்மை. நான் எப்போதும் வைப்பதில்லை.

கடைசியில் அவரே ஒரு ஒப்பந்தம் சொன்னார். "நீ வாங்கியாந்து குடு. பொங்கலன்னைக்கு மானப் பாத்துட்டேன்னா ஆஸ்பத்திரிப் பேச்ச எடுக்கக் கூடாது. பாக்கலைன்னா நீ சொல்லுத எடத்துக்கு வாரேன். கூட்டிட்டுப் போ."

"சத்தியமா?"

"மாட்டு மேல கை வச்சிருக்கேன்லா."

வைத்திருந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

20×50-ஐ நான் முதலில் பார்த்தேன். மொட்டை மாடி, பதினொரு மணி. மலை கொதிக்கிறது. பானைத் தண்ணீர் மாதிரி பாறையெல்லாம் நெளிகிறது. இருபது மடங்கு மலை தெரியவில்லை, இருபது மடங்கு கானல்தான். கை நடுக்கமும் இருபது மடங்கு. என் கைக்கே இப்படி.

விடிகாலையில் பார்த்தது இன்னும் மோசம். சாம்பல் நிறக் கஞ்சி.

அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு" என்றார்.

மார்ச் 13, வியாழன்

துறைத்தலைவர் கூப்பிட்டார். அடுத்த வருடம் கௌரவ விரிவுரையாளர் தேவையா என்று நிர்வாகம் யோசிக்கிறதாம். நானும் யோசிக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். சரிங்க சார் என்றேன்.

மாலை, பாய் கடை. பாயின் மச்சானுக்குத் தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் வியாபாரம். அவரிடமிருந்து ஒன்று வந்திருக்கிறது. 7×50. கப்பல்காரர்கள் வைத்திருந்தது. கருப்பு ரப்பர், உப்புக் கறை. உள்ளே பூஞ்சை இல்லை, டார்ச் அடித்துப் பார்த்தேன். அருமையான கண்ணாடி. எதிர்க் கட்டிடத்தில் ஒரு புறா கண் மூடித் திறப்பது தெரிந்தது. ஆனால் கையில் பிடித்தால் அரை நிமிடத்தில் மணிக்கட்டு கெஞ்சுகிறது. ஒரு கிலோவுக்குக் குறையாது. மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தால் வட்டத்தில் பாதி காணோம்.

"கழுத்தில போட்டாப் போதும் டீச்சர், கூனே நிமிந்திரும்."

"அப்பாவுக்குக் கூன் இல்ல பாய்."

"இத போட்டா வந்திரும்."

வேண்டாம்.

மார்ச் 15, சனி

விடைத்தாள். ஊருக்குப் போகவில்லை. விடுதிக் குழாயடியில் ஒருத்தி துணி துவைத்துக்கொண்டே போனில்: "நான் என்ன சொன்னேன்னா, நான் ஒண்ணும் சொல்லல." நல்ல வாக்கியம்.

பாய் சென்னையில் விசாரித்துவிட்டார். 8×42 இருக்கிறது. என் கைக்கு எட்டுகிற விலை, விடைத்தாள் கூலியில் வந்துவிடும். மழை தாங்கும், புழுதி புகாது. கண்ணாடி போட்டவர்களும் முழு வட்டம் பார்க்கலாம். முக்கால் கிலோதான். இதற்கு மேல் விலையில் இன்னும் தெளிவானது உண்டு. அந்தத் தெளிவு அப்பாவின் கண்ணுக்குள் போய் என்ன ஆகும் என்று தெரியாது.

ஒன்றை எழுதி வைக்கிறேன். சிங்கம் படம் போட்ட பெட்டியை வாங்கிக் கொடுத்தால் போதும். விடிகாலையில் அதில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்பா பாறையில் நிற்பார், சூரியன் ஏறும், சித்தப்பா இருமுவார். அப்பா தோற்பார். அடுத்த நாள் மதுரை. மிச்சமிருக்கும் பார்வை மிஞ்சும். யாருக்கும் சந்தேகம் வராது. ஊருக்கு இருபது மடங்கு என்றால் பெருமைதான்.

மதியம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பதினேழு விடைத்தாள் திருத்தினேன். திரும்ப எடுத்துப் பார்த்தால் இரண்டில் கூட்டல் தப்பு.

ஐந்து மணிக்குப் பாய்க்குப் போன் செய்து 8×42 சொல்லிவிட்டேன். காரணம் எழுத வரவில்லை. சோர்வாக இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 20, வியாழன்

வந்துவிட்டது. கடையிலேயே பிரித்தோம். இரண்டு முன்கண்ணாடிக்கும் ரப்பர் மூடி. உடம்போடு வளையத்தில் கோத்திருப்பதால் தொலையாது. கழற்றினால் இரண்டும் ஆட்டுக் காது மாதிரி கீழே தொங்குகின்றன. பாய்க்கு ஒரே சந்தோஷம். காதை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"மானுக்கு என்ன தெரியும் டீச்சர்? தூரத்தில ஒரு ஆடு நிக்குன்னு நெனைச்சுக்கும்."

இன்று பாய் சொன்னதுக்குச் சிரித்தேன்.

மார்ச் 22, சனி

ஊர். காற்றே இல்லை. புழுக்கம். கோயிலில் ஒலிபெருக்கி கட்டியாகிவிட்டது.

மூடிகளைக் கழற்றி, குழல் இரண்டையும் அவர் கண் இடைவெளிக்கு மடக்கி, கையில் கொடுத்தேன். மொட்டை மாடி, சாயங்காலம். வடக்கே தூரத்தில் காற்றாலைகள்.

"என்ன தெரியுது?"

"காத்தாடி."

"எத்தனை?"

"ஆறு. ரெண்டு சுத்தல."

சரியாக ஆறு. எனக்கு நெஞ்சு லேசானது. அம்மா படியில் நின்று, "அவியளுக்கா கண்ணு தெரியாது? ரசத்தில உப்பு கொறைஞ்சா கண்ணாலயே கண்டுபிடிப்பாக" என்றாள்.

வாங்கி நான் பார்த்தேன். ஆறும் நின்றுகொண்டிருந்தன. இலைகூட அசையாத நாளில் எது சுற்றும்.

அந்த ஆறும் அங்கே பல வருடமாக நிற்கின்றன. எண்ணிக்கை அவருக்குத் தெரியும்.

பின்கண்ணாடியைத் துடைத்தேன், அவர் கண்ணிமை பட்ட இடம் ஈரமாக இருந்தது. ஒருவேளை நான் பார்க்கும்போது காற்று நின்றிருக்கலாம்.

மார்ச் 25, செவ்வாய்

சம்பளமில்லா விடுப்பு. ஒரு நாள் என்று கேட்டிருந்தேன், மூன்று நாள் என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். துறைத்தலைவர்: "திருவிழாவுக்கா?" ஆமாம் சார்.

பெண்கள் பாறையில் ஏறக் கூடாது. பானைகளோடு கீழே, முன்பக்கம். ஆண்கள் அவருக்குப் பின்னால், பத்தடி தள்ளி. அவருக்கு இணையாக யாரும் நிற்கக் கூடாது, கை காட்டக் கூடாது. எனவே நாளை பக்கத்தில் இருந்து உதவ முடியாது. குழலை அவர் கண் இடைவெளிக்கு வைத்து, தெளிவைக் கூட்டும் திருகை மலையடிவாரத்துக்குச் சரிசெய்து, அசையாமல் ஒட்டுப்பசைத் தாள் ஒட்டினேன். மூடியைப் போட்டுப் பையில் வைத்தேன்.

சித்தப்பா வந்திருந்தார். வெளியிலேயே நின்றார்.

"என்ன அண்ணே, மிசினு வந்திருச்சாம்லா."

"ஆமா. ஒனக்கும் ஒண்ணு சொல்லவா?"

"எனக்கு வெறுங்கண்ணே போதும்ணே."

எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது, உடனே போய்விட்டது. கோபத்தை வைத்திருக்கவும் தெம்பு வேண்டும்.

நாளை அவர் பார்க்க வேண்டும். நாளை அவர் பார்க்கக் கூடாது. இரண்டையும் வேண்டிக்கொள்ள ஒரே சாமிதான் இருக்கிறது.

மார்ச் 26, புதன்

விடியும் முன் குளியல். எல்லோரும் வரப்பு வழியாக வரிசையாக. பானை, விறகு, வாழையிலை. யாரும் பேசவில்லை. ஒருத்தியின் கைப்பேசி மட்டும் அடித்தது, அவளுக்கு மாமியாரிடம் திட்டு.

நாங்கள் பாறைக்குக் கீழே, அண்ணாந்து. மேலே அப்பா. வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டியிருந்தார். பின்னால் பூசாரி, சித்தப்பா, மற்றவர்கள். வெளுக்க ஆரம்பித்தது. எங்கோ மயில் குரல்.

பையிலிருந்து எடுத்தார். கழுத்தில் மாட்டினார். நிதானமாகக் கண்ணில் வைத்தார். நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நன்றாக இருந்தது பார்க்க.

அப்போதுதான் பார்த்தேன். ஆட்டுக் காது தொங்கவில்லை.

மூடி போட்டபடியே இருந்தது. இரண்டும்.

முன்னால் நிற்பவர்களுக்கு மட்டுமே தெரியும். முன்னால் நின்றது பெண்கள். பெண்களில் அந்தக் கருவியைத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அம்மா கண் மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை அவர் கையில் கொடுத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் மூடியை நானே கழற்றிக் கொடுத்தேன். அவரைக் கழற்றச் சொன்னதே இல்லை.

கத்தியிருக்கலாம். கத்தினால் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் இடது பக்கம் மெல்லத் திரும்பினார். நின்றார். இடது கை விரல்கள் குழலின் நுனி வரை போயின. அங்கேயே நின்றன. திரும்பிவிட்டன. மறுபடி மயில், இந்தத் தடவை இரண்டு மூன்று சேர்ந்து.

"கண்டாச்சு."

கணீரென்ற குரல். வேல் விழும் சத்தம். எல்லோரும் திரும்பினோம். தொட்டிப் பக்கம் மூன்று புள்ளிமான். ஒன்று குட்டி. நிஜமாகவே நின்றன. எங்கள் குலவைச் சத்தத்தில் மூன்றும் புதருக்குள்.

அடுப்பு பற்றியது. புகை. எனக்குக் கண் எரிய அது போதுமானதாக இருந்தது.

இறங்கி வந்ததும் சித்தப்பா கையை நீட்டினார். "குடுங்கண்ணே, நானும் ஒரு தடவ பாக்குதேன்."

அப்பா அதைப் பைக்குள் போட்டு நாடாவை இழுத்தார். "கோயில் காரியத்துக்கு வாங்கினது. வேடிக்க பாக்கவா?"

பொங்கல் தின்றோம். வெல்லம் அதிகம். என்னைப் பார்த்து, ஊரே கேட்கிற மாதிரி: "நல்ல கண்ணாடி புள்ள. காது மடல்ல ரோமம் வரைக்கும் தெரிஞ்சுது."

நான், ம் என்றேன்.

மார்ச் 27, வியாழன்

ஒன்பது மணி வரை தூக்கம். உடம்பெல்லாம் வலி. ஒலிபெருக்கியை அவிழ்த்துவிட்டார்கள், காது நிம்மதி.

ஒப்பந்தப்படி மதுரையை நான் பேசக் கூடாது. பேசவில்லை. பையிலிருந்து எடுத்து ஒட்டுப்பசைத் தாளை உரித்தேன். மூடி இரண்டும் நான் செவ்வாயன்று அழுத்திவிட்டபடியே, வழுவாமல். ஒரு மூடியின் விளிம்பில் மட்டும் விபூதி.

மாட்டுத் தொட்டிப் பக்கம் அப்பா. கூப்பிட்டார்.

"நேத்து நீ எங்கன நின்ன?"

"கீழ. முன்னாடி."

தொட்டியில் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டிருந்தார்.

"எடுத்து வச்சதும் கருப்பா இருந்துச்சு. எனக்கு இப்பல்லாம் வெடியக்காலம் அப்படித்தான் இருக்கும். அதனால ஒண்ணும் வித்தியாசமாத் தோணல."

நான் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"பெறவு மூடி கைக்குத் தட்டுப்பட்டுச்சு. கழத்துனா பின்னால நிக்கிறவனுகளுக்குத் தெரிஞ்சு போகும். கழத்துனாலும் என்ன தெரிஞ்சிருக்கப் போவுது. தொட்டிப் பக்கம் மானு வந்தா மயிலு கத்தும். எப்பவும் கத்தும்."

மாடு தலையைத் தூக்கி அவர் தோளில் நீர் வடித்தது. தள்ளிவிடவில்லை.

"அடுத்த வருசம் அவன் ஏறட்டும். இருமாம இருப்பான்."

"அப்பா..."

"பாக்கலைன்னா வாரேன்னுதான சொன்னேன். நாளைக்கு பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

ஆறு பத்து.

எடுத்துக்கொள்ள: போன வருடத்து டாக்டர் சீட்டு. சொட்டு மருந்து, பிரிக்காதவை இரண்டு. தண்ணீர். அவருக்கு ஒரு துண்டு. அம்மாவிடம் தயிர்சாதம் சொல்லியாயிற்று. என்ன, எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை அவள்.

அப்பாவுக்கு ஜன்னல் பக்கம் வேண்டுமாம்.